புங்குடுதீவு மூவர்: அஞ்சலிக்கு அப்பால் செய்ய வேண்டியவை

எழுத்தாளர் மு. பொன்னம்பலம் 2024 ஆம் ஆண்டு காலமானதோடு, யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் 1960களில் உருவான ஓர் இலக்கிய இயக்கத்தின் முதன்மையான மூவரும் மறைந்தோர் வரிசையில் சேர்ந்துவிட்டனர். அவருடைய தமையனாரும் அவ்வியக்கத்தின் தோற்றுவாயுமான மு. தளையசிங்கம் 1973 ஏப்ரலில், நாற்பது வயதைத் தொடுவதற்கு முன்னரே காலமானார். அவர்களது வழியில் வந்த கவிஞர் சு. வில்வரத்தினம் 2006 டிசம்பரில் மறைந்தார். மூவரும் புங்குடுதீவைச் சேர்ந்தவர்கள்.

படைப்பாளி ஒருவர் மறையும்போது அஞ்சலிக் கூட்டம் நடத்துவதும் நினைவு மலர் வெளியிடுவதும் நம்மிடையே நிலைபெற்றுவிட்ட வழக்கங்கள். அவற்றில் தவறேதுமில்லை. ஆனால், இலக்கியம் மேடைக்கும் மலருக்கும் உரிய அலங்காரமாக மாறுவதையே எதிர்த்து நின்றவர்களை அதே மேடையிலும் மலரிலும் மட்டும் வைத்து நினைவுகூர்வது போதுமா என்ற கேள்வி எழுகின்றது. இக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின், அவர்கள் எதை எதிர்த்தார்கள், எதை முன்வைத்தார்கள், அதற்காக எதை இழந்தார்கள் என்பதை முதலில் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும்.

உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக் குரல்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய இரு தசாப்தங்களில் உலகின் பல பாகங்களிலும் நிலவிய இலக்கிய மரபையும் சமூக ஒழுங்கையும் ஒருசேர மறுத்த குழுக்கள் தோன்றின. அமெரிக்காவில் 'பீட்' தலைமுறையினர் என்று அழைக்கப்பட்டோர் இவர்களுள் பெயர் பெற்றவர்கள். அலன் கின்ஸ்பேர்க் 1956 இல் வெளியிட்ட நீண்ட கவிதை ஆபாசமானது என்று குற்றஞ்சாட்டப்பட்டு, மறு ஆண்டில் வழக்கு நடைபெற்றது. அது ஆபாசமன்று என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1962 இல் இந்தியா வந்த கின்ஸ்பேர்க், வங்காளக் கவிஞர்களோடும் நெருங்கிப் பழகினார்.

அதற்கு முன்னரே, 1961 நவம்பரில், பாட்னாவிலிருந்து வெளிவந்த ஒரு துண்டறிக்கையோடு வங்காளத்தின் 'பசித்த தலைமுறை' இயக்கம் தொடங்கிவிட்டது. மலாய் ராய் சௌத்ரி, சமீர் ராய் சௌத்ரி, சக்தி சட்டோபாத்யாய, தேவி ராய் ஆகியோர் அதன் முன்னோடிகள். 1964 இல் அவ்வியக்கத்தினர் சிலர் கைது செய்யப்பட்டனர். மலாய் ராய் சௌத்ரி 1965 இல் கீழ் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு, 1967 இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். அவர் 2023 அக்டோபரில் காலமானார். தெலுங்கில் 1965 தொடக்கம் 'திகம்பரக் கவிகள்' அறுவர் மரபைச் சாடி எழுந்தனர். தமது முதல் தொகுதியை ரிக்‌ஷா ஓட்டுநர் ஒருவரைக் கொண்டு வெளியிட்டனர். தமிழகத்தில் சி. சு. செல்லப்பா 1959 இல் தொடங்கிய 'எழுத்து', பின்னர் 1970 இல் வந்த 'கசடதபற' ஆகிய சஞ்சிகைகள் வணிக இதழ்களின் செல்வாக்குக்கு எதிராக வேறொரு வாசகர் வட்டத்தை உருவாக்கின.

இப்பெரிய பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதுதான் புங்குடுதீவிலிருந்து எழுந்த குரலின் தனித்தன்மை புலப்படும். பீட் தலைமுறையினரும் பசித்த தலைமுறையினரும் ஒழுக்கத்தின் பேரால் விதிக்கப்பட்ட தடைகளை மொழியால் உடைக்க முயன்றனர்; அதற்காக நீதிமன்றம் ஏறினர். தளையசிங்கமோ, எழுத்தாளன் தன்னுடைய எழுத்துக்கு ஏற்ப வாழ்கின்றானா என்ற கேள்வியை முன்வைத்தார். அக்கேள்வி அவரை ஒரு கிணற்றடிக்குக் கொண்டுசென்றது.

இரு அணிகளுக்கும் புறத்தே

1935 இல் பிறந்த தளையசிங்கம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்று ஆசிரியரானவர். அவர் எழுத வந்த காலம் ஈழத்து இலக்கியத்தின் மிகவும் சூடான காலப்பகுதி. 1954 இல் அமைக்கப்பட்ட இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தேசிய இலக்கியம், மண்வாசனை ஆகிய கோஷங்களை முன்வைத்துப் பெரும் செல்வாக்குடன் விளங்கியது. க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகியோர் அவ்வணியின் திறனாய்வாளர்களாகத் திகழ்ந்தனர். கே. டானியல், டொமினிக் ஜீவா போன்றோர், அதுவரை இலக்கியத்தின் வாசலுக்குள் அனுமதிக்கப்படாதிருந்த ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வை எழுத்துக்குக் கொண்டுவந்தனர். இப்பங்களிப்பை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. மறுபுறத்தில் பழைமை பேணும் பண்டித மரபினர் அவர்களது மொழியை 'இழிசனர் வழக்கு' என்று ஒதுக்கினர். முற்போக்கு அணியிலிருந்து விலகிய எஸ். பொன்னுத்துரை 'நற்போக்கு' என்ற பெயரில் தனி வழி கண்டார்.

தளையசிங்கம் இவற்றுள் எந்த அணியிலும் அடங்கவில்லை. 1956 முதல் 1963 வரையான ஈழத்து இலக்கியத்தை மதிப்பிட்டு அவர் எழுதிய 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி' என்ற தொடர் முற்போக்கு அணியின் திறனாய்வு அளவுகோல்களை நேருக்கு நேர் விசாரணைக்கு உட்படுத்தியது. சமூக மாற்றம் வேண்டும் என்பதில் அவருக்கு அவர்களோடு முரண்பாடு இருக்கவில்லை. பொருளாதார அமைப்பு மாறினால் மனிதனும் தானாக மாறிவிடுவான் என்ற நம்பிக்கையையே அவர் மறுத்தார். அதேவேளை, சாதியையும் சடங்கையும் காப்பாற்றிக்கொண்டு ஆன்மிகம் பேசுவோரை இன்னும் கடுமையாகச் சாடினார். இதனால் இடதுசாரிகள் அவரைக் கருத்துமுதல்வாதி என்றனர். ஊர்ப் பெரியவர்கள் அவரைக் குழப்பக்காரர் என்றனர். இரு பக்கத்தாரும் ஐயத்துடன் நோக்கிய ஒருவராகவே அவர் இறுதிவரை இருந்தார்.

'புதுயுகம் பிறக்கிறது' என்ற சிறுகதைத் தொகுதி 1965 இலும், 'போர்ப்பறை' 1970 இலும் வெளிவந்தன. 'மெய்யுள்' அவர் மறைந்த பின்னர் 1974 இல் வந்தது. இனப்பிரச்சினையை மையமாகக் கொண்ட 'ஒரு தனி வீடு' நாவல் 1984 இலேயே நூலுருப் பெற்றது. அதாவது, அவர் எழுதியவற்றுள் பெரும்பகுதியை நூலாகக் காணும் வாய்ப்பு அவருக்கே கிட்டவில்லை.

'மெய்யுள்' என்பது யாது?

தளையசிங்கத்தின் பெயரோடு பிரிக்க முடியாதவாறு இணைந்துவிட்ட சொல் 'மெய்யுள்'. செய்யுள் என்ற பழந்தமிழ்ச் சொல்லின் ஓசையை நினைவூட்டும்படி அவர் ஆக்கிய சொல் இது. செய்யுளும் உரைநடையும், கதையும் கட்டுரையும், கற்பனையும் நடப்பும் என நாம் பிரித்து வைத்துள்ள எல்லைகள் ஒரு காலகட்டத்தின் தேவைக்காக ஏற்பட்டவை. வருங்கால மனிதனின் வாழ்வுக்கு அவை போதா என்பது அவரது கருத்து. ஆகவே, இலக்கிய வகைகளுக்குள் அடங்காது உண்மையை நேரடியாகப் பேசும் ஓர் எழுத்து முறையை அவர் வேண்டினார். அதற்கு இட்ட பெயரே மெய்யுள்.

இதன் தத்துவ அடித்தளத்தை அவர் 'மெய்முதல்வாதம்' என்று அழைத்தார். பொருளே முதல் என்போரும் கருத்தே முதல் என்போரும் உண்மையின் ஒவ்வொரு பக்கத்தை மட்டுமே காண்கின்றனர். இரண்டையும் உள்ளடக்கி அவற்றைக் கடந்து நிற்கும் மெய்யே முதல் என்பது அதன் சாரம். ஸ்ரீ அரவிந்தரின் பரிணாமக் கொள்கை, இராமகிருஷ்ணர், விவேகானந்தர் வழிவந்த வேதாந்தம், காந்தியின் சர்வோதயம், மார்க்சின் சமத்துவ இலட்சியம் ஆகிய யாவும் இச்சிந்தனையில் கலந்துள்ளன. மனிதனின் இன்றைய மனம் பரிணாமத்தின் முடிவன்று. அதற்கு மேலும் ஒரு பேர்மனம் உண்டு. அந்நிலையை நோக்கிச் செல்லும் சமுதாயத்தில் கலைஞன் என்றொரு தனிச் சாதி இராது, ஒவ்வொருவரின் தொழிலும் வாழ்வுமே கலையாகிவிடும் என்று அவர் நம்பினார்.

இக்கனவை ஏற்பதும் மறுப்பதும் வாசகரின் உரிமை. ஆனால் அதிலிருந்து தவிர்க்க முடியாத ஒரு விளைவு பிறக்கின்றது. வாழ்வும் எழுத்தும் ஒன்றாக வேண்டும் என்று எழுதிய ஒருவர், தன் வீட்டுக்கு அண்மையில் நடக்கும் அநீதியைக் கண்டும் எழுதிக்கொண்டு மட்டும் இருக்க முடியாது. சர்வோதயக் கொள்கையை அடிப்படையாகக் கொண்ட ஓர் அரசியல் முன்னணியையும் சஞ்சிகை முயற்சிகளையும் அவர் தொடங்கியது இக்காரணத்தினாலேயே.

தீவகத்தில் நன்னீர் என்பதன் பொருள்

தீவகத்துக்குப் புறத்தே வாழும் வாசகர்களுக்கு ஒரு விளக்கம் இங்கே தேவைப்படுகின்றது. எழுவைதீவு, அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, புங்குடுதீவு, வேலணை, மண்டைதீவு ஆகியவற்றில் ஆறு கிடையாது. மழை மாரியில் மட்டுமே பெய்யும். பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் வழியே இறங்கி, நிலத்தடியில் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. நன்னீர் உவர்நீரைவிட அடர்த்தி குறைந்ததாகையால் இவ்வாறு நிற்கின்றது. நடுவில் தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும் இருப்பதால் இதனை நன்னீர் வில்லை என்பர். அளவுக்கு மேல் இறைத்தால் கீழிருக்கும் உவர்நீர் மேலே ஏறிவிடும்; பிறகு அக்கிணறு குடிநீருக்கு உதவாது. சில நூறு மக்களே வாழும் எழுவைதீவாயினும் பாலத்தால் வேலணையோடு இணைக்கப்பட்ட புங்குடுதீவாயினும் நிலைமை அடிப்படையில் ஒன்றே. ஊரில் கிணறுகள் பல இருக்கும். குடிக்கக்கூடிய கிணறுகள் சிலவே இருக்கும்.

ஆகவே, தீவகத்தில் நன்னீர்க் கிணறு யாருடைய கையில் உள்ளதோ அவர் கையில் ஊரின் அன்றாட வாழ்வும் உள்ளது. கிணற்றில் வாளி விடும் உரிமை மறுக்கப்பட்டவர்கள், வேறொருவர் மனமிரங்கி அள்ளி ஊற்றும் வரை குடத்துடன் காத்து நிற்க வேண்டியிருந்தது. சாதி என்பது கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் மட்டுமன்றி, தாகத்திலும் தன் ஆட்சியை நடத்தியது.

சட்டம் இல்லாமல் இருக்கவில்லை. சாதியின் பேரால் ஒருவரைப் பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இலேயே நிறைவேற்றப்பட்டது. ஆனால் சட்டத்தை நடைமுறைப்படுத்த வேண்டியோர் அசையவில்லை. 1966 அக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தோடு சாதி எதிர்ப்புப் போராட்டம் புதிய வேகம் பெற்றது. தேநீர்க்கடைப் பிரவேசம், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் பிரவேசம் ஆகியவை குடாநாட்டையே உலுக்கின.

1971: கிணற்றடிச் சத்தியாக்கிரகம்

இச்சூழலில்தான் 1971 இல் புங்குடுதீவுக் கண்ணகை அம்மன் கோயில் சார்ந்த நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் நீர் அள்ளும் உரிமை வேண்டும் எனத் தளையசிங்கம் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார். அவர் அச்சமூகத்தில் பிறந்தவர் அல்லர் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. தன்னுடைய ஊரையும் உறவையும் எதிர்த்தே அவர் அங்கு நின்றார். இருபது வயதை அப்போதுதான் தாண்டியிருந்த வில்வரத்தினம் போன்ற இளைஞர்களும் அவருடைய இயக்கத்தில் இணைந்திருந்தனர்.

அவ்வாண்டு நாட்டில் அவசரகாலச் சட்டம் நடைமுறைக்கு வந்த ஆண்டாகும். தெற்கில் இளைஞர் கிளர்ச்சி. எங்கும் பொலிஸாருக்குப் பரந்த அதிகாரம். சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டவர்களைப் பொலிஸார் கைது செய்தனர். தளையசிங்கம் தாக்கப்பட்டார். அத்தாக்குதலுக்குப் பின் சீர்குலைந்த அவரது உடல்நலம் தேறவேயில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் மறைந்தார்.

தமிழ் இலக்கிய வரலாற்றில் எழுத்துக்காகச் சிறை சென்றோர் உண்டு. வறுமையில் மடிந்தோர் பலர் உண்டு. தான் எழுதிய ஒரு கொள்கையை நிறைவேற்றும் பொருட்டு, பிறர் குடிக்கும் நீருக்காக அடிபட்டு உயிரிழந்த எழுத்தாளரைக் காண்பது அரிது. அவரது மரணத்தை அவருடைய எழுத்திலிருந்து பிரித்து வாசிக்க முடியாமைக்குக் காரணம் இதுவே.

தம்பியும் தோழரும்

தளையசிங்கத்தின் மறைவோடு இயக்கம் அமைப்பு என்ற வகையில் தளர்ந்துபோயிற்று. ஆனால் எழுத்தில் அது தொடர்ந்தது. 1972 இல் தொடங்கிய 'பூரணி' சஞ்சிகை இச்சிந்தனையைத் தாங்கிய ஒரு களமாக விளங்கியது, என். கே. மகாலிங்கம், க. சட்டநாதன் ஆகியோர் அதன் ஆசிரியர் பொறுப்பில் இருந்தனர்.

1939 இல் பிறந்த மு. பொன்னம்பலம், 'மு. பொ.' என்று வாசகர்களால் அழைக்கப்பட்டவர். 1968 இல் 'அது' என்ற கவிதைத் தொகுதியுடன் அறிமுகமான அவர், கவிதை, சிறுகதை, நாவல், திறனாய்வு என்று அரை நூற்றாண்டுக்கு மேலாக எழுதினார். 'அகவெளிச் சமிக்ஞைகள்', 'யதார்த்தமும் ஆத்மார்த்தமும்', 'கடலும் கரையும்', 'நோயில் இருத்தல்' ஆகியவை அவருடைய நூல்களுள் சில. 1989 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவரத் தொடங்கிய 'திசை' வார இதழுக்கு அவர் ஆசிரியராக இருந்தார். போர் நடுவே, ஆயுதங்களின் மொழி மட்டுமே கேட்ட ஒரு காலத்தில், கலையையும் அரசியலையும் சுயமாகப் பேசும் ஓர் ஏட்டை நடத்துவது எளிதான காரியமன்று. நீண்ட காலம் அது நிலைக்கவில்லை. எனினும் அக்காலத்து வாசகர்கள் அதனை இன்றும் நன்றியுடன் நினைக்கின்றனர்.

மு. பொ. செய்த மற்றொரு பணி இவற்றுக்கெல்லாம் குறைந்ததன்று. அண்ணனின் கையெழுத்துப் படிகளையும் சிதறிக் கிடந்த கட்டுரைகளையும் காப்பாற்றி, பதிப்பித்து, விளக்கி, அதற்காக வாதாடித் தன் வாழ்நாளின் கணிசமான பகுதியை அவர் செலவிட்டார். அவர் இல்லையேல் தளையசிங்கம் நமக்கு ஒரு பெயராக மட்டுமே எஞ்சியிருப்பார்.

1950 இல் பிறந்த சு. வில்வரத்தினம் இயக்கத்தின் கவிக்குரல். தன் கவிதைகளை வாசிப்பதோடு நில்லாது இசையோடு பாடிக் கேட்போரை ஈர்த்தவர். 'அகங்களும் முகங்களும்' 1985 இல் வந்தது. 1991 இல் போர் நடவடிக்கைகளால் தீவக மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தபோது புங்குடுதீவு வெறிச்சோடியது. மனிதர் நீங்கிய அந்த ஊரைப் பற்றிய கவிதைகளே 1995 இல் வெளிவந்த 'காற்றுவெளிக் கிராமம்'. அவருடைய கவிதைகளின் முழுத் தொகுப்பான 'உயிர்த்தெழும் காலத்துக்காக' 2001 இல் வெளிவந்தது. ஊர் நீங்கியவர்களின் துயரைப் பாடிய கவிஞர் பலர் உண்டு. வில்வரத்தினத்திடம் அத்துயரோடு ஒரு சுயவிசாரணையும் கலந்திருந்தது. யாருக்கு நீர் மறுத்தோமோ அந்த ஊர் இன்று நமக்கே இல்லாமற் போயிற்று என்ற உணர்வை அக்கவிதைகளின் அடியில் நாம் கேட்கின்றோம்.

நினைவுகூர்தலில் உள்ள ஆபத்துகள்

தமிழகத்தில் தளையசிங்கத்தின் நூல்கள் 1980களில் கோவையிலிருந்து மறுபதிப்புப் பெற்றன. சுந்தர ராமசாமி அவரைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். ஜெயமோகன் முதலியோரும் அவரை முதன்மையான சிந்தனையாளராக முன்னிறுத்தினர். 2006 இல் அவருடைய படைப்புகளின் பெருந்தொகுதி காலச்சுவடு வெளியீடாக வந்தது. இவை மகிழ்ச்சிக்குரியவை. ஆயினும் இவ்வாறு பரவும்போது இருவகை ஆபத்துகள் நேர்கின்றன.

முதலாவது, அவரைத் தத்துவவாதியாக மட்டும் கொள்வது. பேர்மனமும் பரிணாமமும் பேசப்படும், கிணறு அடிக்குறிப்பாகிவிடும். இரண்டாவது, அவரைத் தியாகியாக மட்டும் கொள்வது. தியாகியை வணங்கலாம், வாசிக்க வேண்டியதில்லை. இவ்விரண்டும் அவருடைய வாழ்க்கை வேண்டி நின்ற முழுமையை மீண்டும் இரு துண்டாக்குகின்றன.

விமர்சனமின்றிப் போற்றுவதும் அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது. மனித மனம் உயர்ந்தால் சமுதாயம் மாறும் என்ற அவர்களது நம்பிக்கை, அமைப்பாகத் திரண்டு நிற்கும் அதிகாரத்தை எதிர்கொள்ளப் போதுமானதா என்று இடதுசாரிகள் எழுப்பிய கேள்வி இன்றும் வலுவானதே. வேதாந்தத்தின் மொழியில் சாதி ஒழிப்பைப் பேச முடியுமா என்று தலித்தியச் சிந்தனையாளர்கள் கேட்பதும் நியாயமானதே. இக்கேள்விகளைத் தவிர்க்காமல் வாசிக்கும்போதே அவ்வெழுத்து உயிர்பெறும்.

இன்னுமொன்றையும் நாம் சொல்லியாக வேண்டும். தீவகத்தில் குடிநீர் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கிணற்றடியில் குடத்துடன் காத்து நின்றவர்களும், அவமதிப்பை நேரில் ஏற்றவர்களும் அவர்களே. எனினும் இவ்வியக்கத்தைப் பற்றி நாம் வாசித்த நினைவுக் கட்டுரைகளில் அப்பெண்களின் குரலைக் காண முடியவில்லை. தளையசிங்கம் யாருக்காக அடிபட்டாரோ அவர்கள் அந்நாளை எவ்வாறு நினைவில் வைத்திருக்கின்றனர் என்பது பதியப்படாவிட்டால், அவ்வரலாறு தலைவரின் வரலாறாக மட்டுமே நின்றுவிடும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, 1971 நிகழ்வின் சாட்சிகளிடம் வாய்மொழி வரலாற்றைத் திரட்ட வேண்டும். அன்று இருபது வயதினராய் இருந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். புங்குடுதீவில் எஞ்சியிருப்போர் சிலர்; ரொறன்ரோ, பாரிஸ், இலண்டன், சுவிற்சர்லாந்து எனச் சிதறியிருப்போர் பலர். இது காத்திருக்கக்கூடிய பணியன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று, தமிழ்த் துறைகளும் புலம்பெயர் ஊர்ச் சங்கங்களும் இணைந்தால் ஓரிரு ஆண்டுகளில் இதனைச் செய்து முடிக்கலாம்.

இரண்டாவதாக, 'பூரணி', 'திசை' போன்ற இதழ்களின் முழு வரிசைகள் பாதுகாக்கப்பட வேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதையும், பின்வந்த இடம்பெயர்வுகளில் வீட்டு நூலகங்கள் அழிந்ததையும் அனுபவித்த சமூகம் நாம். 2005 முதல் இயங்கும் நூலகம் மின்னூலகத் திட்டம் இத்துறையில் அரும்பணி ஆற்றி வருகின்றது. தம்மிடம் பழைய இதழ்களை வைத்திருப்போர் அவற்றை மின்வடிவாக்க வழங்குவதே இம்மூவருக்கும் செய்யும் பயனுள்ள அஞ்சலி.

மூன்றாவதாக, இந்நூல்கள் தீவகத்துப் பாடசாலைகளை அடைய வேண்டும். ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிச் செல்ல வேண்டிய எழுவைதீவிலும் அனலைதீவிலும், குறிகட்டுவானிலிருந்து கடல் கடக்க வேண்டிய நயினாதீவிலும் நெடுந்தீவிலும் பயிலும் பிள்ளைகள், தம் அயல் தீவிலிருந்து இத்தகைய சிந்தனை எழுந்தது என்பதை அறிந்திருக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் ஆசிரியர் வரமுடியாத ஒரு தீவில் இருந்துகொண்டு தன்னை உலகின் ஓரத்தில் இருப்பவனாகவே எண்ணப் பழகிய மாணவனுக்கு, உலகம் முழுவதையும் பற்றி ஒரு தீவு ஆசிரியர் சிந்தித்து எழுதினார் என்ற செய்தி தரும் தெம்பு பெரியது. பத்து நூல்களைக் கொண்ட ஒரு சிறு தொகுதியைப் பாடசாலைதோறும் வழங்குவதற்கு ஆகும் செலவு, ஒரு விழா மேடையின் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

நான்காவது, எல்லாவற்றிலும் கடினமானது. 2024 இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய்வழி நீர் விநியோகம் விரிவடையும்போது கிணற்றடிப் பாகுபாடு மெல்ல மறையக்கூடும். குழாய்க்குச் சாதி தெரியாது. ஆனால் கிணற்றின் தேவை மறைந்ததனால் பாகுபாடு மறைவது வேறு. நாம் மனம் மாறியதனால் மறைவது வேறு. திருமணத்திலும், கோயில் நிர்வாகத்திலும், காணி விற்பனையிலும், இடம்பெயர்ந்தோர் குடியேறும் இடத்திலும், கடல் கடந்த நாடுகளின் ஊர்ச் சங்கங்களிலும் சாதி இன்றும் ஓசையின்றி வினைபுரிவதை நாமறிவோம். அங்கெல்லாம் இன்னும் எத்தனையோ கிணறுகள் இருக்கின்றன.

மறைந்தவர்களை நினைவுகூர்வது வாழ்வோரின் தேவைக்காகவே. புங்குடுதீவு மூவரும் நம்மிடம் சிலை கேட்கவில்லை, பட்டம் கேட்கவில்லை. எழுதுபவனும் வாசிப்பவனும் தான் நம்புவதாகச் சொல்வதைத் தன் ஊரில், தன் உறவினர் நடுவில் செய்து காட்ட முடியுமா என்று கேட்டனர். அக்கேள்விக்கு மூவருள் ஒருவர் தன் உயிரால் விடையளித்தார். மற்ற இருவரும் அந்த விடையை நாம் மறவாதிருக்கத் தம் வாழ்நாள் முழுவதும் எழுதினர். அடுத்த அஞ்சலிக் கூட்டத்துக்கு மண்டபம் ஒழுங்கு செய்யும் முன், கிணற்றடியில் நின்றவர்களுள் இன்று நம்மோடு இருப்பவர் ஒருவரையேனும் தேடிச் சென்று கேட்போமாக.